ரெட் பின்னுக்குப் போன மச்சான்

வெளிநாட்டிலிருந்து வந்த செபெட் அம்மா என் வீட்டு வாசலில் நின்று ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். ஒற்றைக் காலில் நின்றதில் கொஞ்சம் தடுமாறி, பக்கத்துச் சுவரில் கையை ஊன்றினார். கை சுவரோடு ஒட்டிக்கொண்டது.

பிய்த்து எடுத்தபோது உள்ளங்கை முழுவதும் இளமஞ்சள் பெயிண்ட். சுவரில் ஐந்து விரலும் அச்செடுத்த மாதிரி பதிந்திருந்தன. பெயிண்டர் அன்று காலையில்தான் ஏணியை எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

நான் ஈரத்துணி தேடி உள்ளே ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் உள்ளங்கையை மூக்கருகே வைத்து முகர்ந்துகொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். வீடு அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பது வருடத்துக்கு மேல் ஃபேக்டரியில் குவாலிட்டி பிரிவில் இருந்தவன் நான். ஒரு போல்ட்டில் தலைமுடி அகலம் கோணல் இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்கியிருக்கிறேன். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்பதை மட்டும் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

போன வாரம் இந்தத் தொடரை என் பணி ஓய்வு விழாவில் நிறுத்தியிருந்தேன். மாலை, பொன்னாடை, சுவர்க்கடிகாரம் எல்லாம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். என் மனைவி விஜயாவும் அதைத்தான் சொன்னாள். ஆனால் சும்மா இருப்பது சுகம் என்று சொன்னவர் யாரும் ஓசூரில் ஷிப்ட் பார்த்தவராக இருக்க முடியாது. அடுத்த மாதமே வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

அங்க என்ன சார் இருக்கு?

ஒரு நாட்டின் சாதாரண மனிதர்களை இன்னொரு நாட்டின் சாதாரண மனிதர்கள் வீட்டில் தங்க வைக்கிற தன்னார்வ அமைப்பு ஒன்று பெங்களூரில் இருக்கிறது. மந்திரிகளும் தூதர்களும் கைகுலுக்கிப் போட்டோ எடுத்துக்கொள்வது ஒரு வகை உறவு. ஒருவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அந்தத் தட்டை நாமே கழுவி வைப்பது இன்னொரு வகை உறவு. இரண்டாவதுதான் நிலைக்கும் என்பது அவர்கள் கட்சி. எனக்கும் அதுவே சரியென்று பட்டது. போன் போட்டேன்.

எடுத்தவர் ரேவதி மேடம். விருந்தினர்களை எந்த ஊருக்கு அனுப்புவது என்று முடிவு செய்பவர் அவர்தான். தமிழ்க்காரர், பெங்களூரிலேயே வளர்ந்தவர்.

"ஓசூரா? அங்க என்ன சார் இருக்கு, ஃபேக்டரிதானே? நம்ம கெஸ்ட்டுங்க மைசூர், ஹம்பின்னு கேப்பாங்க."

ஓசூர்க்காரனிடம் சொல்லக்கூடாத வாக்கியம் அது. எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. எங்கள் தெருவில் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்குவதற்குள் மூன்று மொழி பேசிவிடுவோம். வண்டிக்காரரிடம் கன்னடம், வீட்டுக்குள் தெலுங்கு, சண்டை வந்தால் தமிழ். தூதர் வேலைக்கு இதைவிடப் பெரிய பயிற்சி எங்கே கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

ஆனால் என் கோபத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஜெர்மன்காரர் கேட்ட கேள்வி

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்களிடம் பாகம் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு ஜெர்மன்காரர் ஆடிட்டுக்கு வந்தார். நாம் செய்வதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று மூன்று நாள் துருவிப் பார்த்துவிட்டுப் போகிற வேலை. பெரிய மனிதர், மெல்லிய குரல். மூன்று நாளும் நான்தான் அவர் பின்னால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

கடைசி நாள் கேட்டுக்கு வெளியே கார் வரக் காத்திருந்தபோது, "நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். சும்மா கேட்கவில்லை. கூப்பிட்டால் வருகிற முகம் அது.

வீடு அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். ஒற்றை அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வாசலில் எங்கள் மாமனார் வீட்டுப் பசு. நான் கையை வடக்குப் பக்கம் பொதுவாக ஆட்டி, "தொலைவு சார், ரொம்பத் தொலைவு" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ நாட்டுக்காரர்களோடு கைகுலுக்கியிருக்கிறேன். எல்லோரும் காலையில் பெங்களூர் ஓட்டலிலிருந்து காரில் வந்து, தலையில் ஹெல்மெட் மாட்டி, சாயங்காலம் அதே காரில் திரும்பிப் போனவர்கள். ஒருவர்கூட என் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்ததில்லை. அந்த "தொலைவு சார்" மட்டும் எனக்குள் ஒரு மூலையில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆக, ரேவதி மேடத்தை நான் விடவில்லை. வாரம் ஒரு போன். கடைசியில், "சரி சார், ஒரே ஒரு தடவ பாக்கலாம். நாலு கெஸ்ட், நாலு வீடு, ஞாயித்துக்கெழமைலேர்ந்து சனிக்கெழம வரைக்கும். நல்லாப் போச்சுன்னா வருஷா வருஷம் ஓசூர் லிஸ்ட்ல இருக்கும். இல்லைன்னா என்னைக் கேக்கக் கூடாது" என்றார்.

கேட்க மாட்டேன் என்றேன். என் வீட்டுக்கு வரப்போவது கென்யாவின் மலைப்பக்கத்திலிருந்து செபெட் என்ற அம்மா என்று தெரிந்தது. பால் கூட்டுறவுச் சங்கத்தில் பால் சோதிக்கிற வேலை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் இல்லை என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாற்பத்திரண்டு அயிட்டம்

ஃபேக்டரிக்கு வெளிநாட்டுக்காரர் வருகிறார் என்றால் ஓசூரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், ஆடிட் என்று. தரையில் மஞ்சள் கோடு புதிதாகும். மெஷினெல்லாம் குளிக்கும். ஒவ்வொரு லைனிலும் ரெட் பின் என்று ஒரு சிவப்புத் தொட்டி இருக்கும். தேறாத பாகங்களை அதில்தான் போடுவோம். ஆடிட்டுக்கு முந்தின நாள் அது நிரம்பி வழிந்தால் கேண்டீன் பின்பக்கம் கொண்டுபோய்த் தார்ப்பாயால் மூடிவிடுவார்கள். எந்த ஃபேக்டரி என்று கேட்காதீர்கள்.

எனக்குத் தெரிந்த விருந்தோம்பல் அதுதான். நான்கு வீட்டுக்கும் சேர்த்து ஒரு செக்லிஸ்ட் போட்டேன். நாற்பத்திரண்டு அயிட்டம். சுவருக்குப் பெயிண்ட். ஆளுக்கொரு ஸ்பூன். காலையில் பிரெட், ஜாம். களி கூடவே கூடாது. விருந்தினர் பேசும்போது குக்கர் விசில் அடிக்கக் கூடாது. பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்கக் கூடாது. ஒரே வாக்கியத்தில் மூன்று மொழி கலக்கக் கூடாது.

நாற்பத்திரண்டாவது அயிட்டத்தில் "கோ." என்று மட்டும் எழுதியிருந்தேன்.

கோ. என்றால் கோவிந்து. விஜயாவின் தம்பி, என் மச்சான். குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகர். அவர் மனைவி தவறிப்போன பிறகு பல வருடமாக எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். ரகசியம் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். வாய் நிறைய வெற்றிலை, தோளில் ஒரு துண்டு, உடம்பில் மாட்டு வாசம். சாப்பிட்டு முடித்து அவர் ஏப்பம் விட்டால் தெருநாய் எழுந்து நிற்கும்.

அவரைக் கூப்பிட்டு, ஒரு வாரம் நாகரசம்பட்டியில் நம் சொந்தக்காரர் மாந்தோப்பில் காவலுக்கு இருக்கிறீர்களா மச்சான், பிஞ்சு பிடித்திருக்கிற நேரம் என்றேன்.

"தோப்புல ஆளு கீறாங்களே மாமா" என்றார்.

என் முகத்தைப் பார்த்தார். மாட்டின் முகத்தைப் பார்த்தே அதன் வயிற்றிலிருப்பதைச் சொல்கிறவருக்கு என் முகம் எம்மாத்திரம். "சரிங்க மாமா" என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்றைக்கு விஜயா போட்ட சாப்பாட்டில் உப்பே இல்லை.

கண்ணாடிப் பொம்மைகள்

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் எல்லாம் லிஸ்ட்படி நடந்தது. ஜாம் தடவிய பிரெட். ஸ்பூன். ஃபேக்டரி ஒன்றைச் சுற்றிக் காட்டுதல். கணினித் திரையில் ஓசூரின் வளர்ச்சி பற்றி என் உரை. விருந்தினர் கேட்டதற்கெல்லாம் பயிற்சி கொடுத்த பதில். "உங்களுக்கு இங்கே என்ன கஷ்டம்?" என்று செபெட் விஜயாவைக் கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நோ ப்ராப்ளம்" என்றாள்.

என் நண்பர் வாஹித் பாய் வீட்டிலும் அதே கதை. பாய் எங்கள் ஃபேக்டரி ஸ்டோர்ஸில் இருந்தவர், இப்போது உதிரி பாகக் கடை வைத்திருக்கிறார். அவர் வீட்டு விருந்தினர் தோமாஷ், செக் நாட்டில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மூன்று நாளும் சோபா நுனியில், மணவறையில் உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"பெருமாளண்ணே, என்னமோ சரியில்ல. மனுசன் சிரிக்கவே மாட்டேங்கறாரு" என்றார் பாய்.

"ஆடிட்டர் சிரிக்க மாட்டாங்க பாய்" என்றேன்.

புதன்கிழமை மத்தியானம் ரேவதி மேடம் போன் செய்தார். குரலில் ஒரு கனிவு இருந்தது. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பேசுகிற கனிவு.

"கெஸ்ட்டுங்ககிட்டப் பேசினேன் சார். எல்லாம் சுத்தமா இருக்கு, எல்லாரும் மரியாதையா இருக்காங்கன்னு சொல்றாங்க. ஆனா இன்னும் யாரையும் சந்திக்கலையாம். ஓட்டல்ல தங்கின மாதிரி இருக்காம். வெள்ளிக்கெழம வேன் அனுப்பறேன். கடைசி ரெண்டு நாள் பெங்களூர்ல இருக்கட்டும். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

"அடுத்த வருஷம் மேடம்?"

"பாக்கலாம் சார்" என்றார். அந்தப் பாக்கலாமுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். நானே எத்தனையோ சப்ளையரிடம் சொல்லியிருக்கிறேன்.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஓசூர் ஃபெயில். என் ஊரை ஆடிட்டில் நானே ஃபெயிலாக்கிவிட்டேன்.

என்ன ஒளித்து வைத்தீர்கள்?

சாயங்காலம் செபெட் சமையலறை வாசலில் நின்று தான் குடித்த கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். நேரே போய்க் கேட்டேன். "அம்மா, நானும் குவாலிட்டி ஆள், நீங்களும் குவாலிட்டி ஆள். எங்கே குறை என்று சொல்லுங்கள்."

அவர் கையைத் துடைத்துவிட்டு அந்த உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ரேகைக்குள் இன்னும் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"எங்கள் பால் சேகரிப்பு நிலையத்துக்குத் தலைநகரத்திலிருந்து அதிகாரி வந்தால், வழியோரத்துக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்போம். கெட்ட பால் கேனை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒளிப்போம். ஆகவே எனக்குப் பெயிண்ட் வாசம் வந்தால், ஏதோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முதல் நாளே அதனால்தான் சிரித்தேன். சொல்லுங்கள், நீங்கள் என்ன ஒளித்து வைத்தீர்கள்?"

உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்த விஜயாவின் கத்தி நின்றது.

"என்னா கேக்கறாங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒளிச்சு வெச்சதத்தான கேக்கறாங்க? அந்தளவுக்கு இங்கிலீசு எனக்கும் தெரியும். சொல்லுங்க. எந்தம்பிய ரெட் பின்ல போட்டு மூடி வெச்சிகீறேன்னு சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க."

மூன்று நாளாக அவள் அடக்கி வைத்திருந்தது அது. கண் கலங்கியிருந்தது, வெங்காயத்தால் இல்லை. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்கள். நான் இங்கிலீஷில் சொன்னேன். என் மனைவிக்கு ஒரு தம்பி இருக்கிறார், இந்த வீட்டில்தான் குடியிருக்கிறார், சத்தமாகப் பேசுவார், வெற்றிலை போடுவார், அதனால் உங்களுக்காக அவரை அப்புறப்படுத்தினேன் என்றேன். ஒவ்வொரு வார்த்தையும் வெளியே வரும்போது கேவலமாக இருந்தது.

செபெட் சிரிக்கவில்லை. "என்ன வேலை செய்கிறார்?" என்றார்.

"மாட்டுத் தரகர்."

அவர் கோப்பையை டொக்கென்று வைத்தார். "ஐயா, வீட்டில் மாடு தெரிந்த மனிதர் ஒருவரை வைத்துக்கொண்டு, மூன்று நாளாக எனக்குப் போல்ட்டா காட்டினீர்கள்?"

மாந்தோப்பில்

மறுநாள் காலையில் வாஹித் பாய் காரில் நாகரசம்பட்டிக்குப் போனோம். போகிற வழியில் பாயும் ஒரு விஷயத்தைக் கக்கினார். அவர் மனைவி மும்தாஜும் தெருப் பெண்கள் நாலு பேரும் வீட்டு முன்அறையில் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர்கள். தையல் மெஷினையெல்லாம் மாடி அறையில் பூட்டி, அந்தப் பெண்களை ஒரு வாரம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். என் லிஸ்ட்டில் பதினேழாவது அயிட்டம் அது. காரிலிருந்தே வீட்டுக்குப் போன் போட்டு மாடியைத் திறக்கச் சொன்னார்.

தோப்பில் கோவிந்து ஒரு மரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று, "வாங்க மாமா, வாங்க பாய்" என்றார். கோபமாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மச்சான், நான் பண்ணது தப்பு" என்றேன். அதற்கு மேல் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

அவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இருந்தார். தடவி முடித்துத்தான் பேசினார். "நான் கோவிச்சிகினேன்னு யாரு சொன்னது? ஆனா மாமா, கெழடாப் போன மாட்டக்கூட நாலு பேரு எதிர்லதான் கயிறு மாத்தி விப்போம். என்னைய பொறவாசல் வழியா அனுப்சிட்டீங்க."

வாஹித் பாய் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தார்.

"நாளைக்கு வெள்ளிக்கெழம. குந்தாரப்பள்ளி சந்த. என்னால வூட்டுக்கு வர முடியாது" என்றார் கோவிந்து. "அந்தம்மாவுக்கு மாடு பாக்கணும்னா சந்தைக்கு இட்டுகினு வாங்க. எல்லாரு எதிர்லியும், இவரு என் மச்சான்னு நீங்க சொல்லணும். அவ்ளோதான்."

திரும்பும் வழியில் ரேவதி மேடத்துக்குப் போன் செய்தேன். வேன் தாராளமாக வரட்டும், ஆனால் என் வீட்டுக்கு வேண்டாம், குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தைக்கு வரட்டும், நீங்களும் அதில் வாருங்கள் என்றேன்.

"மாட்டுச் சந்தைக்கா?" என்றார். "சரி. பதினொரு மணிக்கு வரேன். அவங்க பையெல்லாம் ரெடியா இருக்கட்டும்."

துண்டுக்கு அடியில்

வெள்ளிக்கிழமை விடியும்போது நானும் பாயும் மும்தாஜும் நான்கு விருந்தினரோடு சந்தையில் இறங்கினோம். லாரியிலிருந்து மாடுகள் இறங்கிக்கொண்டிருந்தன. சாணி, வைக்கோல், டீ, பீடி எல்லாம் கலந்த வாசம். செபெட் மூச்சை இழுத்து விட்டார். வீட்டுக்குத் திரும்பிய பெண்ணின் முகம் அது.

கோவிந்து பத்துப் பதினைந்து தரகர்களோடு நின்றிருந்தார். அவர் தோளில் கை போட்டு, முதலில் தமிழில், பிறகு கன்னடத்தில், பிறகு இங்கிலீஷில் உரக்கச் சொன்னேன். "இவர் கோவிந்து. என் மச்சான். என் வீட்டில் இருக்கிறார். இந்தச் சந்தையில் இவரைவிட மாடு தெரிந்தவர் கிடையாது."

கடைசி வாக்கியம் நானாகச் சேர்த்தது. அதைக் கேட்டுவிட்டுக் கோவிந்து வேறு பக்கம் திரும்பி வெற்றிலையைத் துப்பினார். கண்ணைத் துண்டால் துடைத்ததை நான் பார்த்துவிட்டேன்.

அங்கே ஆனேக்கல் பக்கத்து ஆள் ஒருவர் நாட்டுப் பசு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மூன்றாம் ஈத்து, அதாவது மூன்று கன்று போட்ட மாடு என்று கூவிக்கொண்டிருந்தார். செபெட் நேரே அதனிடம் போனார். யாரையும் கேட்கவில்லை. வாயைப் பிளந்து பல் பார்த்தார். மடியைத் தடவினார். கொம்பின் அடியில் விரலை வைத்து மெல்ல மேலே நகர்த்தினார். ஒவ்வொரு ஈத்துக்கும் கொம்பில் ஒரு வளையம் விழும்; அதை எண்ணுகிறார் என்று எனக்கே அப்புறம்தான் புரிந்தது. கோவிந்துவுக்கு உடனே புரிந்துவிட்டது.

இந்தச் சந்தையில் தரகர்கள் தங்களுக்குள் கணக்கு எதையும் வாயால் பேசுவதில்லை. இரண்டு பேர் கையை ஒரு துண்டு மூடும். உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேச்சு. ஒரு விரல் பிடித்தால் ஒன்று, இரண்டு பிடித்தால் இரண்டு. சுற்றி நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. செபெட்டுக்கு இதை இங்கிலீஷில் விளக்கினேன். கோவிந்து தோளிலிருந்து துண்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டார். போட்டவர் தயங்கி நின்றார். அந்தச் சந்தையில் ஒரு பெண் துண்டுக்கடியில் கை கொடுத்து யாரும் பார்த்ததில்லை.

செபெட் துண்டைப் பார்த்தார், கோவிந்துவைப் பார்த்தார். பெயிண்ட் பட்ட அந்தக் கையைத் தானே உள்ளே நுழைத்தார்.

இரண்டு மூச்சு நேரம். கோவிந்து தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். மாடுகள் திரும்பிப் பார்த்தன.

"மாமா, அஞ்சு வெரலயும் சேத்துப் புடிச்சிட்டாங்க. அஞ்சாம் ஈத்துங்கறாங்க. நானும் அஞ்சுன்னுதான் நெனச்சிகினு இருந்தேன்" என்றவர், மாட்டுக்காரரிடம் திரும்பிக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். அந்த ஆள் தலையைச் சொறிந்துகொண்டு, ஐந்து என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று சிரித்துவிட்டார். டீக்கடைவரைக்கும் சிரிப்பு போனது.

அதற்குப் பிறகு என் மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. உங்கள் ஊரில் மாடு எவ்வளவு கறக்கும், மழை பொய்த்தால் என்ன தீவனம், கல்யாணத்துக்கு மாடு கொடுப்பீர்களா என்று தரகர்கள் கேட்கக் கேட்க, துண்டு கைமாறிக்கொண்டே இருந்தது. கோவிந்து தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசினார். செபெட் தன் ஊர் மொழியில் பதில் சொன்னார். இருவருக்கும் எல்லாம் புரிந்தது.

துண்டுக்கடியில் நடந்த ஒன்றை மட்டும் கோவிந்து எனக்கு அப்புறம் சொன்னார். எத்தனை பிள்ளைகள் என்று அவர் சைகையில் கேட்டாராம். அந்த அம்மா மூன்று விரல் பிடித்தார்களாம். பிறகு அவரைக் கேட்டார்களாம். கோவிந்து கையை மூடிக்கொண்டாராம். மூடிய கையை அந்த அம்மா கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்களாம். "வேற ஒண்ணியும் கேக்கல மாமா" என்றார்.

வேன் வந்தது

பதினொரு மணிக்கு ரேவதி மேடம் வந்து இறங்கினார். நல்ல செருப்பு, நல்ல பட்டுப்புடவை. முதல் அடியே சாணியில் வைத்தார்.

விருந்தினர் யாரும் வேன் பக்கம் இல்லை. தோமாஷ் ஒரு ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு மும்தாஜோடு பேசிக்கொண்டிருந்தார். முந்தின நாள் பூராவும் அவர் தையல் மெஷின்களைக் கழற்றி எண்ணெய் போட்டுக் கொடுத்ததாகவும், தெருப் பெண்கள் அவருக்கு ஒரு சட்டை தைத்துப் போட்டதாகவும் பாய் சொன்னார். அந்தச் சட்டைதான் அவர் உடம்பில் இருந்தது, பள்ளிக்கூடச் சீருடைத் துணியில்.

"கிளம்பலாமா?" என்று ரேவதி மேடம் இங்கிலீஷில் கேட்டார்.

"நாங்கள் வரவில்லை" என்றார் செபெட். "விஜயா வீட்டில் சாப்பாடு. நீங்களும் வரலாம்."

வேன் பெங்களூருக்குப் போகவில்லை. எல்லோரையும் ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தது. விஜயா களி கிண்டியிருந்தாள், கூடவே கறிக்குழம்பு. செபெட் தன் ஊரில் சாப்பிடுகிற மாதிரியே களியை உருட்டிக் கட்டைவிரலால் குழி செய்து குழம்பைத் தொட்டதைப் பார்த்து, விஜயா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த வாரம் முழுக்க நான் வாங்க வேண்டிய திட்டெல்லாம் அந்த ஒரு பார்வையில் அடங்கியிருந்தது. குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்கவில்லை, நேரே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கோவிந்து சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டார். தோமாஷ் கைதட்டினார்.

சனிக்கிழமை காலை வேனோடு மறுபடி வந்த ரேவதி மேடம், வழியனுப்பும்போது நோட்டைத் திறந்தார். "பெருமாள் சார், அடுத்த வருஷம் ஓசூருக்கு எத்தனை வீடு போடட்டும்?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கை மேல் ஒரு துண்டு வந்து விழுந்தது. உள்ளே கோவிந்து என் ஐந்து விரலையும் அழுத்திப் பிடித்தார். விட்டார். மறுபடியும் ஐந்தையும் பிடித்தார்.

"பத்து" என்றேன்.

அவர் பத்து என்று எழுதிக்கொண்டார். ஓசூர் பாஸ். முப்பது வருட சர்வீஸில் எந்த ஆடிட் முடிந்தும் நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

வேனில் ஏறும் முன்பு செபெட் தன் சின்ன நோட்டை என்னிடம் நீட்டினார். "நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள்? முழுசாக எழுதுங்கள். கடிதம் போடுவேன்."

பேனாவை வாங்கினேன். கதவு எண், தெரு, எங்கள் தெரு முனையில் இருக்கிற மாவு மில், ஓசூர் என்று எல்லாம் எழுதினேன். வாசல் சுவரில் ஒரு கைத்தடம் இருக்கும், அந்த வீடு என்று எழுதினேன். அதற்குக் கீழே என் பெயர், விஜயா பெயர், கடைசியாகக் கோவிந்து, மாட்டுத் தரகர், என் மச்சான் என்று எழுதினேன்.

கோவிந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "என்னா மாமா எழுதறீங்க?"

"வூட்டு விலாசம் மச்சான்."

"அத எழுதறதுக்கு இத்தினி நேரமா?"

"முப்பது வருசம் ஆச்சு மச்சான்" என்றேன்.